அர்த்தனாரி தைத்த வெளிச்சம்

கரட்டடித் தெருவில் மயிலாத்தாள் வீட்டுச் சேவலிடம் அடி வாங்காத கால் எதுவுமே இல்லை என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை, ஏனென்றால் முனியப்பன் கோயில் பூசாரி ஒருமுறை வேலியேறிக் குதித்துத் தப்பியிருக்கிறார். மற்றபடி பால் ஊற்ற வந்தவர், கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்தவர், கரண்ட் கணக்கெடுக்க வந்து மீட்டரைப் பார்க்காமலே திரும்பியவர், ஓட்டுக் கேட்க வந்து கும்பிட்ட கை கும்பிட்டபடி ஓடியவர் என்று அந்தத் தெருவுக்குள் நுழைந்த எல்லோர் கெண்டைக்காலிலும் அது தன் கால் முள்ளை ஒருமுறையாவது இறக்கிப் பார்த்திருந்தது. செவலைச் சேவல். ஒரு பக்கத்து இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு, எங்கேயோ வேறு வேலையாகப் போவதுபோலச் சாய்ந்து சாய்ந்து நடந்து வரும், பக்கத்தில் வந்ததும் பாய்ந்துவிடும்.

வேறு வீட்டுச் சேவலாக இருந்தால் இந்த லட்சணத்துக்கு என்றைக்கோ குழம்பாகியிருக்கும். இது முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட சேவல். மயிலாத்தாளின் வீட்டுக்காரர் அர்த்தனாரி, அந்த வட்டாரத்திலேயே ஜாக்கெட் தைக்கப் பேர்போன டெய்லர், கண்ணில் நீர் அழுத்தம் கூடிக் கூடி, ஓரத்திலிருந்து உலகம் சுருங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் ஊசியின் காதும் தெரியாமல், ஊசியும் தெரியாமல், ஊசி பிடித்த கையும் தெரியாமல் போனபோது, நரம்பு வாடிவிட்டது, இனித் திரும்பாது என்று கண்ணாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கே அவள் கோயில் இருக்கிற கரட்டுக் குன்றின்மேல் ஏறி, கையில் ஒரு சேவல் குஞ்சோடு முனியப்பன் முன்னால் நின்று, "அவருக்குக் கண்ணுத் தெரியட்டும் சாமி, இதை உனக்கு அறுக்கறேன்" என்று வேண்டிக்கொண்டாள். கண் வரவில்லை. கண் வராததால் அறுக்க முடியவில்லை. அறுக்க முடியாததால் குஞ்சு வளர்ந்தது. சாமிக்கு நேர்ந்ததை அடிக்கக் கூடாது, விற்கக் கூடாது, விரட்டவும் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம், அது அந்தச் சேவலுக்கு எப்படித் தெரிந்ததோ நன்றாகத் தெரிந்திருந்தது.

அதிகம் அடி வாங்கியவள் மயிலாத்தாள்தான். விடிந்ததும் கோழிக்கூண்டைத் திறப்பவள் அவள், தவிடு கரைத்து வைப்பவள் அவள், முட்டை எடுப்பவள் அவள். முழங்காலுக்குக் கீழே புதுக் காயம், ஆறின காயம், ஆறின காயத்தின்மேலேயே புதுக் காயம் என்று இரண்டு கால்களும் இருந்தன. அர்த்தனாரியை மட்டும் அது தொடாது. அவர் வாசல் கட்டிலில் உட்கார்ந்தால் கட்டில் காலோரம் வந்து படுத்துக்கொள்ளும். பகலும் இரவும் அவருக்கு ஒன்றாகிப்போன பிறகு, பொழுது விடிந்துவிட்டது என்று அவருக்கென்றே ஒருவர் வந்து சொல்வதுபோலத்தான் அது கூவுவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இறக்கை படபடக்கிற சத்தம் கேட்டால், "ஏம்புள்ள, பட்டுச்சா?" என்பார். "இல்லீங்க" என்பாள் அவள், ரத்தத்தைச் சீலைத் தலைப்பால் அழுத்திக்கொண்டே. உள்ளதைச் சொன்னால் அந்த மனுஷன் தன் கண்ணுக்காக இவள் படுகிற பாட்டை நினைத்து அந்தக் கூவலையும் கேட்காமல் காதைப் பொத்திக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணன் லாரி ஓட்டுகிறவர். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மண்சுவர் ஐப்பசி மழையில் பாதி இடிந்து, நீ கட்டு நீ கட்டு என்று இரண்டு வீடும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், அவருடைய கறுப்புச் சேவல் ஒருநாள் காலையில் அந்த இடிசல் மேல் ஏறி நின்று, கழுத்து மயிரைக் குடைபோல விரித்துக்கொண்டு, இந்தப் பக்கம் குதித்தது. இரண்டும் நெஞ்சோடு நெஞ்சு மோதிக்கொண்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது. சண்டைச் சேவல்களுக்கு நடுவில் கையை விடக்கூடாது என்பது மயிலாத்தாளுக்குத் தெரியும். சாக்கைத் தொட்டியில் முக்கி ஈரத்தோடு இரண்டின்மேலும் போட்டாள், சாக்குக்குள் இருட்டியதும் இரண்டும் மரத்துப்போய் நின்றன, கறுப்பைப் பொங்கியண்ணன் தூக்கிக்கொண்டு போனார், செவலையை அவள் மடியில் மல்லாத்திக் காயம் தேடினாள். மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தயாராக வைத்திருந்தாள், மேலே தூவக் கரித்தூளும் இருந்தது, ஏனென்றால் சிவப்பைக் கண்டுவிட்டால் பெட்டைக் கோழிகள் கூடிக் கொத்தியே கொன்றுவிடும்.

நெஞ்சு இறகை விலக்கினாள். விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. ரத்தம் வரவில்லை, வெளிச்சம் வந்தது.

கிழக்கு வெளுத்து, சூரியன் இன்னும் கரட்டுக்கு அந்தப் பக்கமே இருக்கிற நேரத்தில் வாசலில் விழுமே, அந்த வெளிச்சம். கொஞ்சம் நீலமாகவும் கொஞ்சம் ரோஜா நிறமாகவும், குளிர்ச்சியாகவும், அந்தக் கிழிசலிலிருந்து கசிந்து அவள் மணிக்கட்டில் வழிந்து வாசல் மண்ணில் பரவியது. இத்தனை நாள் விடியற்காலை விடியற்காலையாக அது கூவிக் கூவி உள்ளே இழுத்து வைத்துக்கொண்டதுதான் இது என்று அவளுக்குத் தோன்றியது, அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை, காயம் என்றால் மருந்து என்று மஞ்சளை அப்பினாள், கரியைத் தூவினாள், வெளிச்சம் மஞ்சளுக்கும் அடங்கவில்லை கரிக்கும் அடங்கவில்லை.

கட்டிலில் இருந்த அர்த்தனாரி முகத்தைத் திருப்பினார்.

"ஏம்புள்ள," என்றார் மெதுவாக, "நீ பச்சைச் சீலையா கட்டியிருக்கற?"

மயிலாத்தாள் குனிந்து தன் சீலையைப் பார்த்தாள். பச்சைதான். சேவலை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே போய் நின்றாள். அவர் அந்தக் காய வெளிச்சத்தில் அவளை அடி முதல் முடி வரைக்கும் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், இருவரும் அழுதார்கள், சேவல் மட்டும் அவள் கட்டை விரலை ஒரு கொத்துக் கொத்தியது.

சூரிய வெளிச்சத்தில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, ட்யூப்லைட்டில் தெரியவில்லை, டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியவில்லை. சேவலின் காயத்திலிருந்து வருகிற வெளிச்சம் எதன்மேல் பட்டதோ அது மட்டும் தெரிந்தது. ஆகவே அவர் சேவலை இடுக்கிக்கொண்டு, லாந்தரைத் தூக்கிப் போகிறவர்போல, நட்ட நடுப்பகலில் தெருவில் நடந்தார்.

தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், முதல் நாள் எல்லோரும் வந்து பார்த்தார்கள், இரண்டாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதா செருப்போடு வருவதா என்று பேசி, கழற்றலாம், ஆனால் சேவல் கொத்தினால் ஓட வசதியாகக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள், அதற்குப் பிறகு அது தெருவின் சாமான்களில் ஒன்றாகிவிட்டது. அரிசியில் கல் பொறுக்க முறத்தோடு வந்தார்கள், மல்லிகை கட்ட வந்தார்கள். அந்த வெளிச்சம் பட்டால் எந்தப் பழம்பொருளும் இன்றைக்குத்தான் கடையில் வாங்கி வந்ததுபோல இருந்தது என்பதால், பழைய குடத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டுத் திரும்ப எடுத்துப் போனார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணை அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார்கள், மாப்பிள்ளையை முதலில் நிறுத்துங்கள் என்று பெண் சொல்லிவிட்டாள். பொங்கியண்ணனோ, "காயம் போட்டது எங்க சாவல், அப்பறம் பாதி வெளிச்சம் எங்களுதுதானுங்களே" என்று நியாயம் கேட்டார்; தெரு கூடி யோசித்து, சேவலைப் படுக்கவைக்கும்போது காயம் அவர் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் பார்த்தாற்போல வைக்கும்படி தீர்ப்புச் சொன்னது. அந்தி மங்கிய பிறகு சேவல்மேல் கொடாப்புக் கூடையைக் கவிழ்த்து வைத்தால், மூங்கில் சந்துகள் வழியாக வெளிச்சம் பின்னிப் பின்னி இரண்டு வீட்டுச் சுவர்மேலும் விழும், இடிந்த சுவர் இடிந்தபடியே இருந்தது, அதைக் கட்டுகிற பேச்சை இப்போது யாரும் எடுக்கவில்லை.

அர்த்தனாரி கரட்டைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்த்தார். கண்ணாடியில், "யாரு இந்தக் கெழவன்?" என்று தன்னையே பார்த்தார். மயிலாத்தாள் தலையில் நரை விழுந்திருப்பதைப் பார்த்து, ஒருவர் இல்லாத நேரத்தில் வீட்டுக்குள் புகுந்த ஆளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். பிறகு ஒருநாள் அவள் வாசலில் முறுக்கிச் சொருகிய சீலையோடு குனிந்து சாணி தெளித்துக்கொண்டிருந்தபோது, மடியில் சேவலோடு உட்கார்ந்திருந்தவர், "அதென்ன புள்ள காலுல?" என்றார்.

"எதுங்க?"

"கெண்டைக்கால்ல. அத்தனையும் என்ன?"

"கல்லுல இடிச்சுக்கிட்டனுங்க."

"கல்லுக்கு முள்ளு மொளைச்சிருக்குதா?"

அவள் அவசரமாகச் சீலையை இறக்கிவிட்டாள். அவர் மடியில் இருந்த சேவலைப் பார்த்தார், அதன் காலில் விரல் நீளத்துக்கு வளைந்திருந்த முள்ளைத் தடவினார். அன்றைக்கு மத்தியானம் பொங்கியண்ணனிடம் போய் லாரிப் படுதாவில் கிழிந்ததாக ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, தூசி படிந்த தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டு, சேவலை மிஷின் பலகைமேல் படுக்கவைத்துக்கொண்டு, அவள் காலை அளவெடுத்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரைக்கும் இரண்டு உறை தைத்தார். உள்ளே பழைய போர்வைத் துணி கொடுத்து, பக்கவாட்டில் கொக்கி வைத்து, ஓரத்தில் ஒரு நூல்கூடப் பிசிறாமல். "இதென்னங்க, லாரிக்குப் போடறதை எனக்குப் போட்டுட்டு" என்று அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள், அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். சேவல்தான் எந்நேரமும் அவர் மடியில் இருக்கிறதே, இனி எதற்கு உறை என்று நினைத்துக்கொண்டாள்.

காயம் ஆற ஆரம்பித்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் சும்மா இருக்குமா? ஓரத்திலிருந்து தோல் கூடிக் கூடி வந்து, ஒருநாள் காலையில் அர்த்தனாரி, "இன்னைக்கு என்ன மேகமா?" என்று கேட்டார். வானத்தில் மேகமே இல்லை. மயிலாத்தாள் சேவலைப் பின்பக்கம் தூக்கிப் போனாள். கிழிசல் பாதி மூடி, மேலே பொருக்குக் கட்டியிருந்தது. சாமிக்கு நேர்ந்ததை அடிக்கக்கூட ஓங்காத அந்தக் கை, நகத்தைக் கொடுத்து அந்தப் பொருக்கைப் பெயர்த்து எடுத்தது. சேவல் ஒரு சத்தம் போட்டது, கோழி போடுகிற சத்தமாக அது இல்லை. வெளிச்சம் முன்போல வழிந்தது, கூடவே முதல் தடவையாக ஒரு சொட்டு ரத்தமும் வந்தது. அவள் அதைத் துடைத்துவிட்டு, திரும்பி வந்து, "மேகம் வெலகிருச்சுங்க" என்றாள். அன்றிலிருந்து மஞ்சள் வைப்பதை நிறுத்தினாள், ஒவ்வொரு காலையிலும் பின்பக்கம் போனாள்.

இந்த நேரம் பார்த்துப் பூசாரி வந்தார். "கண்ணு வந்துருச்சு. வேண்டுதலை முடிச்சுப்போடு அம்மிணி, சாமி காத்திருக்குது" என்றார்.

"அறுத்தா வெளிச்சம் போயிருமுங்க. வெளிச்சம் போனாக் கண்ணு போயிரும். கண்ணு போனா அப்பறம் எதுக்குங்க அறுத்தோம்?"

பூசாரி தெருவைக் கூட்டிக் கேட்டார். தெரு இரண்டாகப் பிரிந்தது. வேண்டியது வேண்டியதுதான் என்று ஒரு பக்கமும், வந்தது முழுக் கண்ணா இரவல் கண்ணா என்று ஒரு பக்கமும் வாதாடின. கடைசியில், சாமியையே கேட்போம் என்று சேவலைக் கரட்டுக்குக் கொண்டுபோனார்கள். பலி கொடுக்கிற உயிர்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதைத் துளுக்குவது என்பார்கள், துளுக்கினால்தான் சாமி சம்மதம் கொடுத்ததாக அர்த்தம், துளுக்காததன்மேல் கத்தி வைக்கக் கூடாது. பூசாரி தெளித்தார். சேவல் துளுக்கவில்லை. இன்னொரு தடவை தெளித்தார். அது கண்ணை மட்டும் மெதுவாக மூடித் திறந்தது. "சாமிக்கு இன்னும் மனசு வரலை" என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். உடம்பை உதறுகிற சத்து அதற்கு இல்லை என்பதும், அந்தச் சத்து தன் நகத்தோடு போய்விட்டது என்பதும் மயிலாத்தாளுக்கு மட்டும்தான் தெரியும்.

சேவல் தீனி எடுப்பதை விட்டது. கூவல் கரகரத்து, பிறகு கூவல் மாதிரி ஒரு மூச்சாகியது. ஒருநாள் காலையில் அவள் பொருக்கைப் பெயர்த்துவிட்டுச் சோறு எடுக்க உள்ளே போன அந்த ஒரு நிமிஷத்தில், சிவப்பைப் பார்த்துவிட்ட பெட்டைக் கோழிகள், அதனிடம் மிதிபட்டும் பயந்தும் கிடந்த அதே கோழிகள், சுற்றி நின்று நெஞ்சில் கொத்த ஆரம்பித்தன. தெருவையே கால் தெறிக்க ஓடவிட்ட அந்தச் சேவல் திருப்பிக் கொத்தாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் கத்திக்கொண்டு ஓடிவந்து அதை அள்ளியெடுத்தாள். கத்தல் கேட்டு அர்த்தனாரி சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்பக்கம் வந்தார். வந்தவருக்கு அந்த வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அவள் நகத்திடுக்கில் இருந்த ரத்தம்.

"மஞ்சள் வெக்கறதை எப்பப் புள்ள நிறுத்துன?"

அவள் ஒரேயடியாகச் சொன்னாள்: "நீங்க என்னையப் பாக்கோணுமுங்க. நான் சாமிகிட்டக் கேட்டது அது ஒண்ணுதான். எத்தனை நாளைக்கு வருதோ அத்தனை நாளைக்குப் பாருங்க. சாவல் போனாப் போகட்டும்."

அவர் அவள் கையைப் பிடித்து, தன் வேட்டி முனையால் அந்த நகத்தைத் துடைத்தார். "பாத்துட்டேன் புள்ள. நரையப் பாத்துட்டேன், காலப் பாத்துட்டேன். இதுக்கு மேல இதோட உசுரத் தின்னுட்டு நான் எதைப் பாக்கறது? டாக்டரை வரச்சொல்லு."

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் மத்தியானம் வந்தார். காயத்தைப் பார்த்தார், வெளிச்சத்துக்குக் கண் கூசியதால் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார், ஊதா மருந்துத் தண்ணீரால் கழுவினார். "ஆழமாத்தான் இருக்கு. தையல் போட்டுட்டாப் பொழைச்சுக்கும்மா" என்று வளைந்த ஊசியில் நூல் கோத்தார்.

"சார், குடுங்க. தையல் நம்ம வேலைங்க" என்றார் அர்த்தனாரி.

டாக்டர் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தார். ஊசியை அவர் விரலில் வைத்தார். "தோலை மட்டும் எடுங்க. சதையில போகாதீங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்."

உச்சி வெயில். வாசலில் கட்டில். தெரு முழுக்கச் சுற்றிலும் நின்றது, இடிந்த சுவர்மேல் பொங்கியண்ணன் நின்றார், பூசாரி நின்றார். பச்சைச் சீலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து, மயிலாத்தாள் சேவலை மடியில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டாள். அர்த்தனாரி முதல் தையலைப் போட்டார். கரடு அவருக்கு மறைந்தது. அடுத்த தையலில் வேப்பமரம் போனது, அடுத்ததில் சுவரும் பொங்கியண்ணனும் போனார்கள், டாக்டர் போனார், கட்டில் போனது; தெருவுக்கெல்லாம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது, வேப்பிலை ஒவ்வொன்றும் பளபளத்துக்கொண்டிருந்தது, அவர் ஒருவருக்கு மட்டும் தையலுக்குத் தையல் உலகம் அணைந்துகொண்டு வந்தது. அவர் ஊசியைப் பார்க்கவில்லை. விரல் தன் பாட்டுக்கு நடந்தது, கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் வெளிச்சம் நூல் கனத்துக்கு ஒரு கீற்றாகி, அவள் வலது கண்ணின்மேல் மட்டும் விழுந்தது. அந்தக் கண் நிறைந்து நின்றது.

"கண்ணை மூடாத புள்ள" என்றார்.

அவள் மூடவில்லை. அவர் கடைசித் தையலைப் போட்டு, நூலை இழுத்து, விரலாலேயே தடவி முடிச்சுப் போட்டு, பழக்கத்தில் பல்லால் கடிக்கப் போனார், டாக்டர் கத்திரியால் நறுக்கினார். "சரியா இருக்குதுங்களா சார்? கோணலில்லையே?" என்று கேட்டார். "நான் போட்டா இப்படி வராதுங்க" என்றார் டாக்டர், கண்ணாடியைக் கழற்றாமலே.

சேவல் நெடுநேரம் கிடந்தது. பிறகு அவள் மடியிலிருந்து நழுவி இறங்கி, வாசல் நடுவில் நின்று, கழுத்திலிருந்து வால்வரைக்கும் ஒவ்வொரு இறகும் எழுந்து நிற்க உடம்பை உதறியது.

"துளுக்கிருச்சு! சாமி சம்மதம் குடுத்துருச்சு!" என்று கையை நீட்டிக் கத்தினார் பூசாரி.

அர்த்தனாரி சத்தம் வந்த பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி முகத்தைத் திருப்பி, "எனக்குக் கண்ணுத் தெரியலைங்களே பூசாரி" என்றார்.

பூசாரி நீட்டிய கையைக் கீழே போட்டார். யாரோ ஒருத்தி சிரித்தாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது, பிறகு எல்லோரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த வாரம் பொங்கியண்ணன் செங்கல் இறக்கிச் சுவரைக் கட்டினார், தலை உயரத்துக்கு.

தையல் பிரித்து, இறகு முளைத்து, சேவல் பழைய சேவலானது. ஒரு விடியற்காலை அது நெஞ்சு நிமிர்த்திக் கூவியது, கட்டிலில் அர்த்தனாரி எழுந்து உட்கார்ந்தார். மயிலாத்தாள் பெட்டியைத் திறந்து படுதா உறைகளை எடுத்து, இரண்டு காலிலும் இழுத்துக் கொக்கி மாட்டிக்கொண்டு, தவிட்டுச் சட்டியோடு வாசலில் இறங்கினாள். அது பார்த்தது. ஒரு பக்கத்து இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு, எங்கேயோ வேறு வேலையாகப் போவதுபோலச் சாய்ந்து சாய்ந்து வந்து, பாய்ந்தது.

டொப் என்று லாரிப் படுதாவில் அடி விழுந்தது.

"ஏம்புள்ள, பட்டுச்சா?" என்றார் அர்த்தனாரி.

"இல்லீங்க" என்றாள் மயிலாத்தாள். அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன முதல் உண்மை அது, அவருக்கும் அது தெரிந்திருந்தது.